நடையைப் பார்க்காமல் போட்ட பாதை

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் என்னைவிட நன்றாகப் படம் போடுகிறீர்கள். போன வாரம் ஒரு பெண் தன் போனிலேயே ஒரு வீட்டுத் தோட்டத்தை வரைந்து காட்டினாள். இன்று வைக்கும் கன்று ஐந்து வருடம் கழித்து எந்தப் பக்கம் நிழல் போடும் என்பதுகூட அதில் தெரிந்தது. நான் வேலை பார்த்த காலமெல்லாம் கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும்தான். ஒருமை, சமநிலை, அளவுப் பொருத்தம், கோடு, கண் போய் நிற்கும் இடம் என்று தோட்ட அமைப்பின் அடிப்படைகளை நீங்கள் பாடமாகவே படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதில் சொல்லித்தர என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. அத்தனையும் சரியாக அமைந்த ஒரு தோட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் ஒரு மனிதர் விழுந்து கையை ஒடித்துக்கொண்டார்.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் புதிதாகப் பிளாட் போட்டு விற்றார்கள். சுற்றிலும் கரிசல் காடு. அங்கே முதலில் எழும்பிய வீடு கருப்பையாவுடையது. அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அருப்புக்கோட்டை நரிக்குடி வண்டியைப் பல வருடம் ஓட்டியவர். அவர் மனைவி பேச்சியம்மாள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் பார்த்தவர். ஒரே மகள் செல்வி. மஸ்கட்டில் நர்ஸாக இருந்தாள். காலமெல்லாம் வாடகை வீட்டில் இருந்த அம்மா அப்பாவுக்கு அவள் கட்டிக்கொடுத்த வீடு அது. பத்து சென்ட் இடத்தில் நாலு சென்டில்தான் கட்டடம். மிச்சம் முழுவதும் தோட்டமாக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டுப் பேசினாள்.

நான் முதல் தடவை போனபோது, கட்டட வேலையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த கருப்பையா முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வாங்க, உக்காருங்க" என்று எதிரில் கிடந்த நாற்காலியைக் கண்ணால் காட்டினார். எழுந்திருக்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டார். பரளச்சிப் பக்கம் என்று சொல்லி, அப்பா பெயரையும் சொன்னேன்.

"அட, அவுக மகனா நீங்க? எங்கப்பா உங்க புஞ்சையில களை வெட்டியிருக்காக. பருத்தி எடுத்திருக்காக" என்று சிரித்தார். அப்போதும் எழுந்திருக்கவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை, அதனால் சொல்கிறேன். என் அப்பா வருவதைக் கண்டால் கருப்பையாவின் அப்பா தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பார். சின்ன வயதில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் அநியாயம் என்று நாலு பேர் நடுவில் பேசத் தெரிந்தவன்தான் நான். ஆனால் அவர் மகன் நாற்காலியை விட்டு எழாமல் என்னை உட்காரச் சொன்னதும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று கோணிக்கொண்டது. சொந்த வீடு வந்துவிட்டது, மகள் வெளிநாட்டில் சம்பாதிக்கிறாள், இனிமேல் நம்மைப் பார்த்து எதற்கு எழ வேண்டும் என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று எண்ணினேன்.

அதையும் சேர்த்து எட்டுத் தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். எட்டுத் தடவையும் அவர் உட்கார்ந்தே இருந்தார். அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதும் எனக்குப் பிடிபடவில்லை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனாலும் 'அண்ணே' என்று வாயில் வரவில்லை. 'சார்' என்பதும் வரவில்லை. ஆகவே கூப்பிடாமலே பேசினேன். அப்புறம் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். எதுவானாலும் பேச்சியம்மாளிடம் கேட்டேன், இல்லாவிட்டால் செல்வியிடம் போனில் கேட்டேன்.

தோட்டம் நன்றாக வந்தது. அதை நானே சொல்லிக்கொள்ளலாம். கேட்டிலிருந்து வீட்டு வாசல் வரை நேர்க்கோடாகப் பாதை போட்டால் இடம் சின்னதாகத் தெரியும் என்று வளைத்துக் கொண்டுபோனேன். தரையில் சின்னச் சரளைக்கல் பரப்பி, நடுவில் தட்டையான கருங்கற்களை அடி வைக்கத் தோதாக ஒவ்வொன்றாகப் பதித்தேன். வளைவின் நடுவில் வட்டமான ஒரு பழைய கல்தொட்டி, அதில் அல்லி. கேட்டில் நுழைகிறவர் கண் முதலில் அதில்தான் போய் நிற்கும். இந்தப் பக்கம் அரளி என்றால் அந்தப் பக்கமும் அதே உயரத்துக்கு ஒன்று. போர்த் தண்ணீர் உப்பாக இருந்ததால் புல்தரை வேண்டாம் என்று செல்வியைச் சம்மதிக்க வைத்தேன். கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும், அதனால் கற்களுக்கு அடியில் ஆழமாகத் தோண்டி மண்ணை மாற்றினேன். ஒரு கல்லும் ஆடவில்லை.

பால் காய்ச்சிய அன்று செல்வியால் வர முடியவில்லை. வீடியோவில் பார்த்துவிட்டு, "சார், புஸ்தகத்துல இருக்குற மாதிரியே இருக்கு" என்றாள். வந்திருந்த சொந்தக்காரர்கள் தொட்டிப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பந்தல்குடியிலிருந்து வந்த ஒருவர் தன் வீட்டுக்கும் இதேபோல் போட்டுத்தர வேண்டும் என்று அங்கேயே சொன்னார். இன்னும் இரண்டு பேர் நம்பர் வாங்கிப் போனார்கள். கருப்பையா அன்றைக்கும் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் எல்லோரையும் வரவேற்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். தன் வீட்டு விசேஷத்தில் எந்த மனிதராவது காலையிலிருந்து மதியம் வரை ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பாரா?

மூன்று வாரம் கழித்துப் பேச்சியம்மாள் போன் பண்ணினார். "சார், செல்வி அம்மா பேசுறேன். இவுக விழுந்துட்டாக. தோட்டத்துல. அருப்புக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயி மாவுக்கட்டு போட்டுக் கூட்டியாந்துட்டோம். உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு, அதான்."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் கிளம்பும்போது பைக்குள் ரசமட்டத்தை எடுத்துப் போட்டுக்கொண்டேன். மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, நடுவில் நீர்க்குமிழி ஓடுமே, அதுதான். வழியெல்லாம் மனதுக்குள் வாதம் பண்ணிக்கொண்டே போனேன். மண்ணை மாற்றியிருக்கிறோம். கல் ஆடாது. மட்டம் தப்பாது. பார்த்து நடக்காமல் விழுந்தால் நான் என்ன செய்ய முடியும்? புதிதாக வந்த மூன்று வேலையும் அந்த ஒரு வீட்டைப் பார்த்து வந்தவை. கல் பெயர்ந்து ஆள் விழுந்தார் என்று பேச்சுக் கிளம்பினால் மூன்றும் போய்விடும். வண்டியை நிறுத்திவிட்டு நேரே வீட்டுக்குள் போகாமல், குனிந்து ஒவ்வொரு கல்லாக ரசமட்டத்தை வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

நாலாவது கல்லில் இருந்தபோது மேலே நிழல் விழுந்தது. பேச்சியம்மாள் கையில் தட்டோடு நின்றிருந்தார்.

"கல்லுல ஒண்ணுமில்ல சார். உள்ள வாங்க" என்றார்.

ரசமட்டத்தைப் பையில் போடக்கூடத் தோன்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

கருப்பையா கட்டிலில் சாய்ந்திருந்தார். புருவத்துக்கு மேலே தையல். இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. வலது கை மடியில் அப்படியே கிடந்தது. பேச்சியம்மாள் இட்லியைப் பிய்த்து அவருக்கு ஊட்டினார். வலது கை நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் ஊட்டுகிறார் என்று ஒரு கணம் பார்த்தேன். அந்தக் கை அசையவே இல்லை. அப்போதுதான் புரிந்தது.

"வலது பக்கம் இழுத்து நாலு வருசமாச்சு" என்றார் பேச்சியம்மாள். "காலு தரையோட தேச்சுக்கிட்டுத்தான் வரும். தூக்கி வைக்க வராது. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா."

"நாலஞ்சு தடவ வந்து போனீகளே சார்."

"எட்டுத் தடவை" என்றேன்.

"தெரிஞ்சுதான் போட்டிருப்பீகன்னு நான் நெனச்சேன். கல்லு கல்லா வைக்கிறதப் பாத்துட்டு, இதுல காலு எடுத்து வச்சு நடந்தா அவுக காலுக்கு நல்லது போலருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

ஆரோக்கியமான ஒருவர் எட்டு வைக்கும் தூரத்துக்குத்தான் நான் அந்தக் கற்களைப் பதித்திருந்தேன். சரியாகச் சொன்னால், நானே நடந்து பார்த்து என் காலடிக்குத் தோதாகப் பதித்தேன். அவருடைய வலது கால் சரளையில் இழுபட்டு வந்து அடுத்த கல்லின் விளிம்பில் இடித்திருக்கிறது. விழும்போது, வேலை செய்கிற ஒரே கையை ஊன்றியிருக்கிறார்.

"விழுந்தது செல்விக்குத் தெரியும். காலு வராதது தெரியாது. அவகிட்டச் சொல்லிராதீக" என்றார் கருப்பையா. அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

செல்விக்குப் பக்கவாதம் வந்தது தெரியும். அப்போது லீவு போட்டு ஓடி வந்து ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். இரண்டு வருடம் கழித்து மறுபடி வந்தபோது அப்பா வீட்டுக்குள் நடமாடுவதைப் பார்த்து, கை வராவிட்டாலும் கால் தேறிவிட்டது என்று நம்பித் திரும்பியிருக்கிறாள். அப்போது இருந்தது பழைய வாடகை வீடு. கட்டிலை விட்டால் சுவர், சுவரை விட்டால் பீரோ, அதை விட்டால் கதவு நிலை. எங்கே நின்றாலும் இடது கைக்குப் பிடிக்க ஏதாவது ஒன்று எட்டும். அதைப் பிடித்துப் பிடித்தே அவர் நடந்துகொண்டிருந்தார். புது வீட்டில் கூடம் பெரிது. வெளியே வந்தால் ஆறு சென்ட் வெட்டவெளி. பிடிக்க ஒன்றும் கிடையாது. அளவுப் பொருத்தம் என்று நாம் படிக்கிறோமே, வீட்டுக்கு ஏற்ற மரம், மரத்துக்கு ஏற்ற பாதை என்று, அந்த மனிதரின் கை எட்டும் தூரம் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

"நல்லா நடக்கேன்னு அவகிட்ட அடிச்சுச் சொல்லி வச்சிருக்கேன்" என்றார். "தெரிஞ்சா வேலைய விட்டுட்டு வந்துருவா."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பேச்சியம்மாளின் போன் அடித்தது. செல்விதான். நான் வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"சார், கல்லு ஆடுச்சா?"

"இல்லம்மா."

"அப்புறம் எப்படி விழுந்தாக? அப்பா நல்லாத்தானே நடக்காக? கல்லு சரியாப் பதிக்கலையா? உண்மையச் சொல்லுங்க சார்."

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். எதிரே கருப்பையா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல் சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் அப்பாவுக்குத்தான் கால் வராது என்று சொன்னால் அது உண்மை. என் பெயரும் பிழைத்துவிடும். ஆனால் அவர் மகளிடமிருந்து இத்தனை நாள் மறைத்து வைத்ததை, எட்டுத் தடவை வந்தும் அவரை ஒரு வார்த்தை கேட்காத நான் ஒரு நொடியில் உடைத்தவன் ஆவேன். கல் ஆடிவிட்டது என்று சொன்னால் அவர் ரகசியம் தப்பும். ஆனால் அவள் வேறொருவரை வைத்து அதே கற்களை இன்னும் கெட்டியாகப் பதிக்கச் சொல்வாள். அவர் மறுபடி விழுவார்.

"கல்லு நல்லாத்தான் இருக்கும்மா. பாதைதான் தப்பு" என்றேன். "உங்க அப்பா எப்படி நடக்காகன்னு பாக்காம நான் போட்டுட்டேன். அவுகளக் கேக்கணும்னுகூட எனக்குத் தோணல. அது என் தப்பு."

"எப்படி நடக்காகன்னா? அப்பா நடைக்கு என்ன?"

போனின் ஒலியைக் கூட்டி, கருப்பையாவின் காதுக்குப் பக்கத்தில் பிடித்தேன். "அண்ணே, நீங்களே சொல்லிருங்க. வேற யார் சொன்னாலும் நல்லா இருக்காது" என்றேன். அவரை நான் முதல்முதலாக அண்ணே என்று கூப்பிட்டது அப்போதுதான்.

அந்தப் பக்கம் செல்வி, "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "ஆத்தா, எனக்கு வலது காலு இன்னும் வரலத்தா" என்றார். பேச்சியம்மாள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார். அவருக்குத் துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது நின்றது. பிறகு வந்தது மகளின் குரல் இல்லை, நர்ஸின் குரல். "மொதல்ல எந்தக் கால எடுத்து வைக்கிறீக? திரும்பும்போது எந்தப் பக்கம் சாயுது? எத்தன எட்டுக்கு ஒருக்கா மூச்சு வாங்குது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நான் பைக்குள் கையை விட்டு நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன். அந்த வீட்டுத் தோட்டத்துக்கு நான் உருப்படியாக எடுத்த முதல் அளவு அதுதான்.

மாவுக்கட்டுப் பிரிக்க ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஆறு வாரமும் பாதையை என் செலவிலேயே மாற்றிப் போடும் வேலையை வைத்துக்கொண்டேன். பந்தல்குடிக்காரரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். அவர் பொறுக்கவில்லை, வேறு ஆளை வைத்துக்கொண்டார். அதில் எனக்கு வருத்தம் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

முதல் மூன்று நாளும் மண்வெட்டியையே தொடவில்லை. காலையில் போய், பேச்சியம்மாள் அவர் இடுப்பைப் பிடித்துக் கூடத்தில் நடத்துவதைப் பார்ப்பேன். கால் எங்கே இழுக்கிறது, எந்த இடத்தில் நிற்க நினைக்கிறார், திரும்புவதற்கு எவ்வளவு இடம் எடுக்கிறார் என்று பார்ப்பேன். திரும்புகிற இடத்தில் அவர் ரொம்பத் திணறினார்.

"வளைவ அகலமாப் போடுங்க" என்றார். "பஸ்ஸ திருப்புற மாதிரி நெனச்சுக்கங்க. மெதுவா, ஒரே சீரா வந்தா திரும்பிருவேன். ஒடிச்சுத் திருப்பச் சொன்னா வண்டி நின்னுரும்."

மூன்றாம் நாள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவருக்கு நான்தான் டம்ளரை வாயருகே பிடித்துக்கொண்டிருந்தேன். பேச்சியம்மாள் கடைக்குப் போயிருந்தார். அதற்கு மேல் என்னால் மனதில் வைத்திருக்க முடியவில்லை.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். மொத நாளு நீங்க எந்திரிக்கலேன்னு நான் தப்பா நெனச்சுட்டேன். அந்தக் கோவத்துலதான் உங்ககிட்ட எதையும் கேக்காமப் போயிட்டேன்."

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"முப்பது வருசம் பஸ்ஸு ஓட்டியிருக்கேன். ஏறுறவன் மூஞ்சியப் பாத்தா தெரியாதா?"

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, கால் முடியலேன்னு."

டம்ளரை விட்டு முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்தார். "எங்கப்பா உங்க வீட்டாளுக முன்னாடி உக்காந்து நான் பாத்ததில்ல. என்னால எந்திரிக்க முடியலேன்னு நீங்க பரிதாபப்படுறதவிட, எந்திரிக்க மாட்டேங்குறான்னு நீங்க கோவப்படுறது எனக்கு நல்லா இருந்துச்சு" என்றார்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. "குடிங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன். குடித்தார்.

அதற்குப் பிறகுதான் நோட்டைத் திறந்து கோடு போட்டேன். அவருக்குப் பிடிக்க முடிவது இடது கையால் மட்டும். நேரான பாதையில் ஒரு பக்கம் கைப்பிடி வைத்தால் போகும்போது இடது பக்கம் இருக்கும், திரும்பி வரும்போது வலது பக்கமாகிவிடும். இரண்டு பக்கமும் வைத்தால் கூண்டுபோல இருக்கும். ஆகவே, திரும்பவே தேவையில்லாமல் ஒரு சுற்றாகப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். வாசலில் கிளம்பி, சுற்றிக்கொண்டு வாசலுக்கே வந்து சேர வேண்டும். எப்போதும் கைப்பிடி இடது கைக்கே இருக்கும்.

"அப்ப ஒன்வேயாக்கிட்டீக" என்று சிரித்தார் கருப்பையா.

முதலில் கைப்பிடியைச் சுற்றின் உள்பக்கமாகத்தான் வரைந்திருந்தேன். பேச்சியம்மாள் விரலால் அந்தக் கோட்டின் மேல் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது கோயில்ல சுத்துறதுக்கு எதிர்ப்பக்கமால்ல வருது?" என்றார். கருப்பையா, "நான் என்ன சாமி கும்பிடவா போறேன், நடக்கத்தானே போறேன்" என்றார். பேச்சியம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை. சரி என்று வலச்சுற்றாக மாற்றி, கைப்பிடியை வெளிவிளிம்புக்குக் கொண்டுபோனேன். மாற்றிய பிறகுதான் தெரிந்தது, அதுதான் நல்ல அமைப்பு. உள்பக்கம் முழுதும் திறந்து கிடந்தது. அவருக்கு ஒன்று என்றால் பேச்சியம்மாள் எங்கிருந்தும் குறுக்கே ஓடி வந்து பிடிக்கலாம். இதை நானாகக் கண்டுபிடித்தேன் என்று பிறகு இரண்டு மூன்று இடங்களில் பெருமை அடித்திருக்கிறேன். அது பொய். அந்த அம்மா கண்டுபிடித்தது.

கைப்பிடியின் உயரத்தைச் செல்வி சொன்னாள். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரம். இரும்புக் குழாய்தான் போட்டோம். ஆனால் நம் ஊர் வெயிலில் காலை பத்து மணிக்கே அதைத் தொட முடியாது. பஸ் ஸ்டியரிங்கில் டிரைவர்கள் கை வழுக்காமல் இருக்க ஒயர் சுற்றுவார்களே, அதேபோல் சுற்றலாம் என்றார் கருப்பையா. பேச்சியம்மாளுக்கு ஒயர் கூடை பின்னத் தெரியும். சிவப்பும் மஞ்சளுமாக வாங்கி வந்து, குழாய் முழுவதும் நெருக்கிச் சுற்றிவிட்டார். கருங்கற்களைப் பெயர்த்து எடுத்தோம். இரண்டு பேர் சேர்ந்து நடக்கும் அகலத்துக்கு, இடைவெளியே இல்லாமல், சொரசொரப்பான காரைத் தரையாகப் பாதை போட்டோம். அவர் நிற்க நினைக்கும் இடங்களில் எல்லாம் ஒரு கல் பெஞ்சு.

கல்தொட்டியை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கேட்டிலிருந்து பார்க்க அது அழகாக இருந்தது. ஆனால் சுற்றுப்பாதைக்குக் குறுக்கே வந்தது. அதைக் கருப்பையா முதல் மூச்சு வாங்கும் இடத்துக்குத் தள்ளி வைத்தோம். கேட்டில் வருகிறவர் கண்ணுக்கு இப்போது அது தெரியாது. பெஞ்சில் உட்கார்கிறவருக்குத்தான் தெரியும். செல்விக்குப் படம் அனுப்பினேன். "பழைய மாதிரி அழகா இல்ல சார்" என்று எழுதினாள். கொஞ்ச நேரம் கழித்து, "பரவாயில்ல" என்று இன்னொன்று வந்தது.

செடிகள் வைக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. பேச்சியம்மாள் சமையல்கட்டு ஜன்னலைக் காட்டி, "இங்கன நின்னா சுத்து முழுசும் எனக்குத் தெரியணும். உசரமா எதையும் வச்சுராதீக" என்றார். நியாயமான பேச்சு. விழுந்த மனிதர். எல்லாவற்றையும் முழங்கால் உயரத்துக்குள் நிற்கும் செடிகளாகவே குறித்துக்கொண்டேன்.

அன்று மாலை நான் கிளம்பும்போது கருப்பையா மெதுவான குரலில் கூப்பிட்டார்.

"நாலு வருசமா குளிக்க, கொள்ள எல்லாத்துக்கும் செல்வி அம்மாதான் கூட நிக்கணும். அவளக் கொறை சொல்லல. அவ இல்லேன்னா நான் இல்ல. ஆனா எங்கயாச்சும் ஒரு எடத்துல, யாரும் பாக்காம, கொஞ்ச நேரம் நான் மட்டும் நிக்கணும். அப்படி ஒரு எடம் வச்சுக் குடுப்பீகளா?"

வீட்டுக்குப் போய் வெகுநேரம் யோசித்தேன். இரண்டு பேரும் கேட்டது நியாயம்தான். ஒன்றைக் கொடுத்தால் மற்றது போகும். மறுநாள் பேச்சியம்மாளிடம் மறைக்காமல் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குத் தெரியாமல் செய்துவிட்டு, ஒருநாள் அந்த அம்மா ஜன்னலில் நின்று பதறக்கூடாது என்று தோன்றியது. அந்த அம்மா அடுப்பில் இருந்ததைக் கிளறிக்கொண்டே இருந்தார். பிறகு, "தலையாச்சும் தெரியட்டும்" என்றார்.

அதன்படி, சுற்றின் கடைசி மூலையில், ஆறு காலடி வைக்கும் நீளத்துக்கு மட்டும், உள்பக்கமாக நந்தியாவட்டையை நெருக்கமாக வைத்தோம். தோள் உயரத்துக்கு மேல் போகாமல் வெட்டிவிட வேண்டும் என்று சொல்லிவைத்தேன். ஓரளவு வளர்ந்த செடிகளையே கொண்டுவந்து நட்டதால், மாவுக்கட்டுப் பிரித்து அவர் கைக்குப் பலம் வருவதற்குள் அவை தழைத்துவிட்டன.

முதல்முறை அவர் தனியாக நடந்த காலையில் நானும் அங்கே இருந்தேன். செல்வி லீவு கிடைத்து வந்திருந்தாள். அப்பாவுக்குப் பின்னாலேயே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனவளை, "நீ போத்தா, பின்னாடி வந்து ஹாரன் அடிச்சுக்கிட்டு" என்று விரட்டிவிட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். அவர் ஒயர் சுற்றிய கைப்பிடியைப் பிடித்து, காலை இழுத்து இழுத்து, முதல் பெஞ்சு வரை போனார். உட்காரவில்லை. இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு எழுந்து மூலையை நோக்கிப் போனார்.

நானும் பேச்சியம்மாளும் சமையல்கட்டு ஜன்னலில் நின்றிருந்தோம். நந்தியாவட்டைக்குப் பின்னால் அவர் உடம்பு மறைந்து, வெள்ளைத் தலை மட்டும் நகர்ந்து போனது. பாதித் தூரத்தில் நின்றுவிட்டது. ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. தலை அசையவில்லை.

"என்ன, நின்னுட்டாக?" என்று பேச்சியம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்தார்.



அந்த அம்மா கொஞ்ச நேரம் அந்தத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கம்பியை விட்டுவிட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மெதுவாக வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார்.